சந்தோசம் யாருக்கு?

2025 ஆவணி. மடுமாதாவின் திருவிழா முடிந்து இரண்டு நாட்கள் கழிந்திருந்தன. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில், செட்டிகுளத்துச் சாப்பாட்டுக்கடையொன்றில் ஆசிரியர் நால்வர் மதிய உணவுக்காக அமர்ந்திருந்தோம். தெற்கே திரும்பும் யாத்திரிகரின் பேருந்துகள் இரண்டு வாசலில் நின்றன. கடை நிரம்பி வழிந்தது. பத்தொன்பது, இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் ஒரு கையில் சோற்றுச் சட்டியும் மறு கையில் சொதி வாளியுமாக மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தான். உண்டு முடித்தோம். கணக்கு 1,640 ரூபா. அதைச் செலுத்தியபின் எழுந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்களுள் ஒருவர், மார்க்சியத்தில் தேர்ச்சியுள்ளவர் என்று எங்களால் மதிக்கப்படுபவர், மிச்சக் காசை எண்ணிப் பையினுள் வைத்துக்கொண்டார். "ரிப்ஸ் கொடுப்பது நிலப்பிரபுத்துவத்தின் எச்சம். உழைப்பவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியவன் முதலாளி. நான் கொள்கையடிப்படையில் கொடுப்பதில்லை" என்றார். மற்றொருவர், இளகிய மனம் படைத்தவர், கொள்கையைப் பற்றி ஒன்றும் கூறாமல் நூறு ரூபாத் தாளொன்றைத் தட்டின் கீழ் செருகினார். மூன்றாமவருக்கு நூறு அதிகமா, குறைவா என்ற ஐயம். நான் வழக்கம்போல இருவர் பக்கமும் தலையசைத்துக் கொண்டிருந்தேன்.

எங்களுடைய விவாதத்தை முடித்து வைத்தவன் அவ்விளைஞன். தட்டை எடுக்க வந்தவன் தாளைக் கண்டான், காசு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சேர், மேசையில வைக்காதீங்க. அது பெட்டிக்குள்ள போயிரும்."

"போனால் என்ன தம்பி? மாதக் கடைசியில் உங்களுக்குத்தானே பிரித்துத் தருவார்?"

"தருவாரு சேர். சம்பளமாத் தருவாரு."

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை நாங்கள் முழுதும் விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. முதலாளி தன் கையிலிருந்து கொடுப்பது மாதம் 20,000 ரூபா. உணவும் படுக்க இடமும் உண்டு. "மத்தது ரிப்ஸில வரும்" என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சொல்லப்பட்ட பேச்சு. மேசைகளில் விடப்படும் காசு தகரப் பெட்டியொன்றில் விழுகிறது. மாதக் கடைசியில் அது எண்ணப்பட்டுப் பரிசாரகர் மூவருக்கும் பிரிக்கப்படுகிறது. அந்தப் பங்கையும் சேர்த்தே அவர்களுடைய சம்பளம் என்று முதலாளி கணக்குக் காட்டுகிறார். எழுத்திலான நியமனக் கடிதம் எவருக்கும் இல்லை.

இப்பொழுது சொல்லுங்கள். எங்கள் நண்பர் தட்டின் கீழ் செருகிய நூறு ரூபா யாருக்குக் கொடுக்கப்பட்டது? இலங்கையின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் 2016 இல் நிறைவேறியபோது மாத வேதனம் 10,000 ரூபா என வரையறுத்தது. 2024 இல் அது 17,500 ஆயிற்று. 2025 ஏப்பிரிலிலிருந்து 27,000. 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாங்கள் உண்ட அந்த ஆவணியில், 27,000 கொடுக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர் 20,000 மட்டும் கொடுத்தார். எஞ்சிய 7,000 ஐ மடுவுக்குப் போய் வந்த பக்தர்களும், லொறிச் சாரதிகளும், நாங்களும் கொடுத்தோம். நண்பர் அந்த இளைஞனுக்குத் தர்மம் செய்ததாக எண்ணிக்கொண்டு கடை முதலாளியின் கடனை அடைத்தார். தர்மம் போய்ச் சேர்ந்த இடம் அவருக்கே தெரியாது.

கொள்கைக்காரர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தீர்களா? அதனால்தான் நான் கொடுப்பதில்லை" என்றார். அவருடைய வெற்றி நெடுநேரம் நிலைக்கவில்லை. நாளையே நாடு முழுவதும் அனைவரும் அவரைப் போல மிச்சக் காசைப் பையினுள் வைத்துக்கொள்ளத் தொடங்கினால் என்ன நடக்கும்? தகரப் பெட்டி வெறுமையாகும். முதலாளி மறுநாட் காலையிலேயே தன் கையிலிருந்து 7,000 ஐ எடுத்துக் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். "இந்த மாதம் ரிப்ஸ் இல்லை" என்பார். இழப்பு முதலில் விழுவது இளைஞனின் முதுகில்; முதலாளியின் முதுகை அது தொடவேண்டுமானால் இளைஞர் மூவரும் ஒன்றுபட்டுக் கேட்கவேண்டும், தொழில் திணைக்களத்தின் படியேறவேண்டும், வேலை போகும் அபாயத்தை ஏற்கவேண்டும். தனி மனிதர் ஒருவரின் மிச்சக் காசு அவருடைய பையில் பத்திரமாக இருப்பதனால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்துவிடாது. கையை மடக்கிக்கொள்வதற்கு மார்க்சின் துணையை நாடுவோர் தொழிலாளி வர்க்கத்துக்குச் செய்யும் சேவை, ஒரு பிடி சோற்றின் விலையைக்கூட எட்டுவதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். தமிழகத்தில் இனாம் என்பார்கள். வடஇந்தியாவில் பக்சீஸ் என்பார்கள். இலங்கையில் நாம் அழகான பெயரொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்: 'சந்தோசம்'. சிங்கள மக்களும் இதே சொல்லை இதே பொருளில் வழங்குகிறார்கள். இரு மொழிகளுக்கிடையில் இவ்வளவு இணக்கமாகப் புழங்கும் சொற்கள் வேறு அதிகம் இருக்கமாட்டா. ஆனால் இந்தச் சொல் சாப்பாட்டுக்கடையோடு நின்றுவிடுவதில்லை. காணி உறுதியொன்றின் பிரதியைப் பெறுவதற்குக் கந்தோரில் கொடுப்பதும் 'சந்தோசம்'தான். உரிமையாகக் கிடைக்கவேண்டியதைச் சலுகையாக மாற்றி, அச்சலுகைக்கு விலை வைத்து, அவ்விலைக்கு மகிழ்ச்சி என்று பெயரிடும் சாமர்த்தியம் இது. கந்தோரில் கொடுப்பவன் அடங்கிப்போகிறான். கடையில் வாங்குபவன் அடங்கிப்போகிறான். இரண்டிடத்திலும் அடங்கிப்போகிறவன் ஏழையே. மகிழ்ச்சி எப்பொழுதும் மறுபக்கத்தில்.

அந்த அடக்கத்தின் வரலாறு உலகெங்கும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டபின், 1867 இல் தோன்றிய புல்மன் கம்பனி தன்னுடைய படுக்கை வசதி கொண்ட புகையிரதப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிசெய்ய அவ்விடுதலை பெற்ற மக்களையே ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டது. சம்பளம் அற்பம். பயணி மனமுவந்து கொடுப்பதைக் கொண்டே குடும்பம் நடத்தவேண்டும். அவர்களை எவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. கம்பனி அதிபர் ஜோர்ஜ் புல்மன் ஆதலால், அடிமைகளை எசமானின் பெயரால் அழைத்த பழைய மரபிலேயே அவர்கள் அனைவரையும் 'ஜோர்ஜ்' என்று அழைத்தார்கள். முதலாளிக்கு இதில் இரட்டை இலாபம்: கூலியின் பெரும்பகுதியைப் பயணியின் தலையில் கட்டியாயிற்று, புன்னகை செய்யாதவனுக்குப் பட்டினியே தண்டனை என்ற ஒழுங்கைச் சவுக்கின்றி நிலைநாட்டியும் ஆயிற்று. அத்தொழிலாளர் 1925 இல் ஏ. பிலிப் ராண்டல்ஃபின் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937 இல் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தார்கள். பயணிகளின் இரக்கம் எழுபது ஆண்டுகளாகச் சாதிக்காததைச் சங்கம் பன்னிரண்டு ஆண்டில் சாதித்தது.

ஆயினும் அமெரிக்கச் சட்டம் இன்றும் அப்பழைய கணக்கை மறக்கவில்லை. அங்கே மத்திய அரசின் ஆகக்குறைந்த மணிக்கூலி 2009 முதல் 7.25 டொலர். ஆனால் 'ரிப்ஸ்' பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேராகக் கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த தொகை 2.13 டொலர், 1991 இலிருந்து அசையாத தொகை. மிகுதியை வாடிக்கையாளர் நிரப்பவேண்டும். அவர்கள் நிரப்பாவிடின் மட்டுமே முதலாளி நிரப்பவேண்டும் என்பது சட்டம். சில மாநிலங்கள் இதனை ஒழித்துவிட்டன, பல ஒழிக்கவில்லை. செட்டிகுளத்துத் தகரப் பெட்டிக்கும் இச்சட்டத்துக்கும் என்ன வேறுபாடு? அங்கே சட்டமாக இருப்பது இங்கே சட்ட மீறலாக இருக்கிறது, அவ்வளவே. நம்முடைய சட்டம் இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தினும் மேலானது என்பதை நம் முதலாளிமாரும் அறியார், நம் ஆசிரியர்களும் அறியார்.

மற்றொரு காட்சி. 1936 டிசம்பரில், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே பார்சிலோனாவை அடைந்த ஜோர்ஜ் ஓர்வெல், அங்கே மின்தூக்கி இயக்கும் பையனுக்குக் காசு கொடுக்க முயன்று விடுதி முகாமையாளரிடம் புத்திமதி வாங்கிக் கட்டிக்கொண்டதை 1938 இல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். (ஓர்வெலின் பிற்கால அரசியல் நம்மவர் பலருக்கு உவப்பானதன்று. எனினும் கண்டதைச் சொன்ன சாட்சியை அதற்காகத் தள்ளிவிட முடியாது.) அங்கே பரிசாரகர்கள் வாடிக்கையாளரின் முகத்தை நேரே பார்த்துச் சமமாகப் பேசினார்கள் என்கிறார் அவர். இதில் கவனிக்கத்தக்கது வேறொன்று. காசு கொடுப்பதைத் தடுத்த அச்சட்டம் புரட்சி இயற்றியதன்று. அதற்கு முந்திய பிரிமோ டி ரிவேராவின் சர்வாதிகாரக் காலத்தது என்று நூலுக்குரிய திருத்தங்களில் அவரே பின்னர் குறித்தார். சட்டம் முன்னரே இருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது, விடுதிகளையும் கடைகளையும் தொழிலாளர் தம் கையில் எடுத்துக்கொண்ட அந்தச் சில மாதங்கள். முகத்தை நேரே பார்க்கும் துணிவு அரசாங்க வர்த்தமானியில் பிரசுரமாவதில்லை.

நமது மண்ணுக்குத் திரும்புவோம். முகத்தை நேரே பார்ப்பது என்ற விடயத்தில் நாம் எவரையும் பழிக்கத் தகுதியுள்ளவர்கள் அல்லர். வடபகுதியின் தேநீர்க்கடைகளில், சாதியின் பேரால், ஒரு பகுதி மக்களுக்கு உள்ளே இருக்கை மறுக்கப்பட்டது. தேநீர் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றப்பட்டது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்தது, கடைக்கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 இன் ஊர்வலமும், அதன்பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டங்களும் வேண்டியிருந்தன. அப்போராட்டத்தில் இரத்தம் சிந்தியவர்கள் மேசையின் இப்பக்கத்தில் அமரும் உரிமையை நமக்கு வென்று தந்தார்கள். மேசையின் அப்பக்கத்தில், தட்டை எடுத்துக்கொண்டு நிற்பவனைப் பற்றி நாம் என்ன செய்தோம்? அறுபது வயதானாலும் அவன் 'பொடியன்'. நரைத்த தலையை நோக்கி "தம்பி, தண்ணி கொண்டா" என்கிறோம். புல்மன் வண்டியின் 'ஜோர்ஜ்' நம் ஊரில் தமிழ்ப் பெயர் தரித்து நடமாடுகிறான்.

அவன் யாருடைய பிள்ளை என்பதையும் எண்ணிப்பாருங்கள். 1970 களில், குறிப்பாக 1977 இன் இன வன்செயலுக்குப் பின்னர், மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த பல்லாயிரம் மக்கள் வவுனியா மாவட்டத்தின் காடு சார்ந்த குடியேற்றங்களில் வந்து தங்கினார்கள். காணி உறுதி இல்லாதவர்கள், குளத்து நீருக்குக் கடைமடையில் நிற்பவர்கள், கூலி வேலையையே நம்பியவர்கள் இன்றும் அவர்களுள் அதிகம். எங்களுக்குச் சோறு பரிமாறிய இளைஞன் அத்தகைய குடியேற்றமொன்றைச் சேர்ந்தவன். சாதாரண தரப் பரீட்சை எழுதியவன், கணிதத்தில் தவறியவன். எங்கள் நால்வருள் ஒருவர் கணித ஆசிரியர். அவர் அதன்பின் அதிகம் பேசவில்லை.

செட்டிகுளம் என்றதும் உலகுக்கு நினைவு வருவது மெனிக் பாம். 2009 இல், யுத்தத்தின் இறுதி நாட்களில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இந்த மண்ணில் முட்கம்பி வேலிக்குள் கூடாரங்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறி அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. தன் வயலில் விளைந்த நெல்லை மூட்டை மூட்டையாய் விற்ற விவசாயி, முன்பின் அறியாதவரின் கரண்டிக்குத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். உரிமையாகக் கிடைக்கும் உணவுக்கும், இரக்கத்தால் கிடைக்கும் உணவுக்கும் உள்ள பேதத்தை வன்னி மக்களுக்கு எவரும் நூல் எழுதி விளக்கவேண்டியதில்லை. அளவு ஒன்றாகவே இருக்கலாம், சுவை ஒன்றல்ல. பிச்சையாகக் கிடைத்த சோற்றை உண்டவர் நிறைந்த இந்த ஊரில், உழைத்துப் பெறவேண்டிய சம்பளம் பிச்சையின் உருவில் தகரப் பெட்டியிலிருந்து வருவது, வேறெந்த ஊரிலும்விடக் கொடியதாக எனக்குப் படுகிறது.

மேலும், இரக்கத்துக்குப் பருவகாலம் உண்டு. ஆடியிலும் ஆவணியிலும் மடுவுக்குச் செல்வோர் கூட்டம். தலைமன்னார்ப் பாதையில் 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2015 இலிருந்து மீண்டும் முழுத்தூரம் ஓடுவதால் இன்னும் சிறிது கலகலப்பு. அக்காலத்தில் பெட்டி நிறையும். மார்கழி மழையில் வீதி வெறிச்சோடும். அப்பொழுது பெட்டியில் ஒன்றும் இராது. இளைஞனின் தாய்க்கு மருந்து வாங்கவேண்டியது ஆவணியில் மட்டுமா? தொழிலின் ஏற்றத்தாழ்வைத் தாங்கவேண்டியவன் முதல் போட்டவன். நட்டத்தைத் தாங்குவதற்காகவே தனக்கு இலாபம் உரியது என்று நியாயம் பேசுகிறவனும் அவனே. நட்டத்தைப் பரிசாரகனுக்கு மாற்றிவிட்டு இலாபத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வியாபாரத்துக்கு எந்தப் பொருளியல் நூல் நியாயம் கூறும்?

இவ்விடத்தில் கடைக்காரரின் பக்கத்தையும் கேட்கவேண்டும். நாங்கள் கேட்டோம். அவர் கொடியவர் அல்லர், புல்மனும் அல்லர். 2022 இன் நெருக்கடியில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர், விறகில் சமைத்துக் கடையைக் காப்பாற்றியவர், அடகு வைத்த நகையை இன்னும் மீட்காதவர். "அண்ணை, சாப்பாட்டுக்கு முப்பது ரூபா கூட்டினால் சனம் பக்கத்துக் கடைக்குப் போயிடும்" என்றார். இது பொய்யன்று. ஆனால் இதன் பொருள் என்ன? பக்கத்துக் கடையிலும் ஒரு பெட்டி இருக்கிறது என்பதே. எல்லாக் கடைகளும் சட்டப்படி சம்பளம் கொடுத்தால் எல்லாக் கடைகளிலும் விலை அவ்வளவு கூடும்; எவரும் எங்கும் ஓடமாட்டார். ஒரு கடை சட்டத்தை மீறுவதனாலேயே மற்றக் கடையும் மீறத் தள்ளப்படுகிறது. நல்ல மனிதரைக்கொண்டே தீய காரியத்தைச் செய்விக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் போட்டி என்று பெயர். அதனாலேயே, தனிப்பட்ட முதலாளியின் நற்குணத்தை நம்பாமல், அனைவருக்கும் பொதுவான சட்டத்தையும் அதைக் கேட்டு வாங்கும் சங்கத்தையும் நாம் வற்புறுத்துகிறோம்.

கொழும்பின் பெரிய உணவகங்களில் கணக்கின் அடியில் பத்துவீதம் சேவைக்கட்டணம் என்று அச்சடித்தே வாங்குகிறார்கள். இது நேர்மையான வழியென்று சிலர் வாதிடுவர். அப்பணம் எவரிடம் போகிறது என்பதைப் பொறுத்தே அது நேர்மை. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 இல், வாடிக்கையாளர் மீது சேவைக்கட்டணத்தைக் கட்டாயமாகச் சுமத்துவது சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அது உண்பவரின் உரிமையைக் காத்த தீர்ப்பு. பிரித்தானியாவோ மறு முனையிலிருந்து தொடங்கி, மேசையில் விடப்படும் பணம் முழுவதும் கழிவின்றித் தொழிலாளரையே சேரவேண்டும் என்று 2023 இல் சட்டம் செய்து, 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வழி புலப்படும்: கட்டாயமாக வாங்குவதாயின் உணவின் விலையிலேயே சேர்த்து வாங்கு, விருப்பத்தால் கிடைப்பதாயின் அதில் கை வைக்காதே.

சட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தக்கது. 1958 இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980 இன் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம். இவை கணக்கிடப்படுவது முதலாளி கொடுக்கும் உழைப்பூதியத்தின் மீது. முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியைக்கூட உழைப்பூதியத்தோடு சேர்த்துக் கணக்கிட அச்சட்டம் இடமளிக்கிறது. வாடிக்கையாளர் மேசையில் விட்ட காசை அது சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே 'மத்தது ரிப்ஸில வரும்' என்ற பேச்சால் இளைஞன் இழப்பது இம்மாதத்துச் சோற்றை மட்டுமன்று. முதுமையின் சோற்றையும் இழக்கிறான். 7,000 ரூபாவுக்கு முதலாளி செலுத்தவேண்டிய 12 வீதம் மாதம் 840 ரூபா. 3 வீதத்தையும் சேர்த்தால் 1,050. செட்டிகுளத்திலோ, கொடுக்கும் 20,000 க்கே ஒரு சதமும் கட்டப்படவில்லை. ஓய்வூதியத்தோடு வீடு திரும்பப் போகும் ஆசிரியர்களாகிய நாம், முப்பது ஆண்டுகள் சோற்றுச் சட்டி தூக்கியவன் வெறுங்கையோடு வீடு திரும்புவதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

அப்படியானால் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால் எவ்வளவு? கட்டுரையாளர் பலர் இவ்விடத்தில் சமுதாய மாற்றத்தை நோக்கிக் கையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவர். சமுதாயம் மாறும்வரை மத்தியானந்தோறும் பசி எடுக்கும், கணக்கு வரும், ஆகவே நான் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுங்கள். கணக்கில் பத்திலொன்று கொடுங்கள். 1,640 க்கு 160. கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் அச்சடித்துக் கேட்டால் முணுமுணுக்காமல் கொடுப்பவருக்குச் செட்டிகுளத்தில் அது பாரமாகாது. வெறும் தேநீர் அருந்தினீர்களாயின் இருபது ரூபாக் குற்றி போதும். மேசையில் வைக்காதீர்கள், தட்டின் கீழ் ஒளிக்காதீர்கள், கையிற் கொடுங்கள், முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். அவன் புன்னகைத்தானா, தண்ணீரை உடனே கொணர்ந்தானா என்று மதிப்பெண் இடாதீர்கள். நாங்கள் வகுப்பில் இட்ட மதிப்பெண்களே போதும். வெளிநாட்டிலிருந்து வந்து, ஐயாயிரம் ரூபாத் தாளொன்றை உயர்த்திப் பிடித்துக் கடை முழுவதும் காணக் கொடுக்கும் உறவினருக்கும் ஒரு சொல்: அந்தப் பணத்தை மூன்று பரிசாரகருக்கும் சமையற்கட்டில் வியர்வையில் நிற்பவருக்குமாகச் சத்தமின்றிப் பிரித்துக் கொடுத்தால், உங்களுடைய பெருமைக்கு ஒரு குறையும் வராது. சமையற்கட்டுக்காரரை நாமெல்லோரும் மறந்தேவிட்டோம். ரிப்ஸ் என்னும் ஏற்பாட்டின் அநீதிகளுள் இதுவும் ஒன்று. கண்ணில் படுபவனுக்கே காசு.

ஆனால் கொடுத்ததோடு எழுந்து போய்விடாதீர்கள். கொடுப்பது மட்டுமெனில் முதலாளியின் கடனை அடைக்கும் வேலையை இன்னும் சிறிது மரியாதையோடு செய்தவராவீர்கள். காசு மேசையில் கணக்கைச் செலுத்தும்போது கேளுங்கள்: "பொடியளுக்குச் சேமலாப நிதி கட்டுறீங்களோ? சம்பளம் எவ்வளவு?" மிளகாயின் விலையைக் கேட்கத் தயங்காதவர்கள் நாம், இறைச்சி புதிதா என்று விசாரிப்பவர்கள். பரிமாறியவனின் கூலியைக் கேட்பது மட்டும் நாகரிகக் குறைவா? ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். வவுனியா வலயத்து ஆசிரியர் எல்லோரும் வாரம் ஒருமுறை கேட்டால் முறைத்துக்கொண்டிருக்க முடியாது. சாதாரண தரம் முடித்து வேலைக்குப் போகும் மாணவனுக்கு நியமனக் கடிதம் என்றால் என்ன, ஆகக்குறைந்த வேதனம் எவ்வளவு, தொழில் திணைக்களத்தின் வவுனியா அலுவலகம் எங்கே இருக்கிறது என்பவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும். குடியியற் பாடத்தில் பாராளுமன்றத்தின் ஆசன எண்ணிக்கையை மனனம் செய்விக்கிறோமே, அதற்கு எடுக்கும் நேரத்தில் பாதி.

பெரிய வழியும் இல்லாமற் போகவில்லை. இந்தியாவின் கோப்பிச் சபை 1950 களில் தன் கோப்பிக் கடைகளை மூடித் தொழிலாளரை வெளியே தள்ளியபோது, ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலில் அத்தொழிலாளரே கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். முதலாவது சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில். அவ்வாண்டு ஒக்டோபரில் டில்லியில். 1958 இல் திருச்சூரில். விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு கோப்பி கொண்டுவருபவரே அக்கடையின் உரிமையாளருள் ஒருவர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தியக் கோப்பி இல்லங்கள் பல இன்றும் இயங்குகின்றன. வன்னியில் கூட்டுறவு புதிய செய்தியன்று. நெல்லுக்கும் பாலுக்கும் மீனுக்கும் சங்கங்கள் உண்டு. சோற்றுக்கும் சொதிக்கும் ஏன் இல்லை? மடு வீதியில், பரிமாறுபவரும் சமைப்பவரும் சேர்ந்து நடத்தும் ஒரு கடைக்கு, யாத்திரிகர் கூட்டத்தில் வாடிக்கையாளர் கிடைக்கமாட்டாரா? இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கொள்கைக்கார நண்பர் "முதல் எங்கே?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்குக் கூட்டுறவுத் திணைக்களத்தில் விசாரிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

அன்று கடையை விட்டுப் புறப்படுமுன், இளகிய மனத்து நண்பர் தட்டின் கீழிருந்த தாளை எடுத்து, அதனோடு அறுபது ரூபாவைச் சேர்த்து இளைஞனின் கையில் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு ஓடினான். நான் காசு மேசையண்டை சென்று சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டேன். அதுவரை எரிவாயு விலையைப் பற்றி மனம்விட்டுப் பேசிய கடைக்காரர், மிச்சக் காசை எண்ணிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்ரர், நீங்கள் சாப்பிட வந்தனீங்களோ, கணக்குப் பாக்க வந்தனீங்களோ?"

மறுமாதமும் அக்கடைக்குப் போனோம். இம்முறை ஆறு பேர்.